எட்டாம் நாள் மக்ரோனி

அண்ணை! நான் எதைச் சொன்னாலும் இனி நீ "ஓமடி, சரி" என்று சொல்லப் போவதில்லை. அதனால் உன்னை விட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நீ பேசாமல் கேட்டுக்கொண்டு இரு.

எனக்கு ஒரே ஒரு அண்ணன். யப்பானில் வயது போனவர்களைப் பராமரிக்கிற இல்லம் ஒன்றில் நான்கு வருடம் வேலை செய்தான். ஒரு மாத லீவில் பருத்தித்துறைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்து பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். ஆறாம் நாள் பெட்டியில் வீட்டுக்கு வந்தான். இருபத்தொன்பது வயது. அந்தப் பகுதியை இதற்கு மேல் எழுத என்னால் முடியாது. நான் ஓ.எல். சோதனை கூட எழுதாமல் பள்ளிக்கூடத்தால் நின்றவள், புடவைக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவள். பெரிதாக எழுத வராது. நான் சொல்ல வந்தது ஒரு சாப்பாட்டைப் பற்றி.

அவன் வேலை செய்த இல்லத்தில் அடிக்கடி யாராவது இறந்துபோவார்கள். நேற்று வரை அவன் தலை வாரி இழுத்துவிட்ட கிழவி இன்று கட்டிலில் இருக்க மாட்டாள். அப்படியான நாட்களில் அவன் அறைக்கு வந்து ஒரே ஒரு சாப்பாடுதான் செய்வான். மக்ரோனியை அவித்து, பாலும் பட்டரும் மாவும் சேர்த்துக் காய்ச்சிய தடித்த வெள்ளைக் குழம்பை ஊற்றி, அதற்குள் சோயாவைப் புளிக்கவைத்து அரைத்த மிசோ என்ற விழுதைக் கரைத்து, சீவிய காய்ந்த மீனைத் தூவி, மேலே சீஸும் பேக்கரிப் பாணின் தூளும் போட்டுச் சுடுவது. வெள்ளைக்காரனுடைய சாப்பாட்டை யப்பான்காரர் எடுத்துத் தங்கள் சாமான்களைப் போட்டு மாற்றிவிட்டார்கள் என்று சொல்வான். தட்டைத் தூக்கி போனுக்குக் காட்டுவான். நான் இங்கே இருந்து நக்கல் அடிப்பேன்.

"என்ன அண்ணை, பாலுக்குள்ளை மீனோ? வயித்தாலை போகாதோ உனக்கு?"

"உது எங்கடை மாசிக் கருவாடுதானடி. இவங்கள் கொஞ்சம் வடிவாச் சீவிப் போட்டிருக்கிறாங்கள், அவ்வளவுதான். மேலை பொருபொரு எண்டிருக்கும், உள்ளுக்கை கொதிச்சுக்கொண்டிருக்கும். ஒரு கரண்டி தின்னு, பிறகு கதை."

லீவில் வரும்போது மிசோ ஒரு பெட்டியும் மீன் சீவல் இரண்டு பைக்கற்றும் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை செய்து தருகிறேன் என்றான். அந்த ஞாயிறு ஏதோ கலியாணவீடு வந்தது. அடுத்த ஞாயிறு காய்ச்சல்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நான் கஞ்சி கொண்டுபோனேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வாய் கைக்குது. உந்தக் கஞ்சி வேண்டாம். அந்த மக்ரோனியைச் செய்து கொண்டு வாவன் பிள்ளை."

"விசரே உனக்கு? காய்ச்சல்காரனுக்குப் பாலும் சீஸும் தருவாங்களே? முதல் எழும்பி வீட்டை வா. வந்து நீயே செய்து தா."

எனக்கு அப்போது பயம் இருக்கவில்லை. களைப்புத்தான் இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தது, கடையில் லீவு கேட்டு ஏச்சு வாங்கியது, எல்லாவற்றையும் அவன் மேல் கொட்டினேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு ஒழுங்காகக் கதைக்கவில்லை. அடுத்த நாள் அவனுக்குக் கதைக்கிற நிலைமை இல்லை.

அதனால் எட்டாம் நாள் படையலில் அந்தச் சாப்பாடு இருந்தே ஆக வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் எட்டாம் நாள் அவருக்குப் பிடித்த எல்லாவற்றையும் சமைத்து இலையில் படைப்போம். மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் வைக்கலாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு மரக்கறிதான். ஆகவே எனக்கு இருந்தது அந்த ஒரு நாள் மட்டும். அதுவும் எட்டாம் நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம் சமைக்கக் கூடாது என்று வியாழனுக்கு இழுத்துவிட்டார்கள். ஒரு நாள் குறைந்தது.

அம்மா அறையை விட்டு வரவில்லை. அப்பா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். எனவே எல்லாவற்றையும் நடத்தியது பெரியம்மா, அம்மாவின் மூத்த அக்கா. புதன்கிழமை காலை குசினி வாசலில் இருந்து என்ன என்ன சமைப்பது என்று விரல் விட்டு எண்ணினார்.

"நண்டு, கணவாய், கோழி, இறால் வடை. வேறை என்ன விருப்பம் அவனுக்கு?"

"மக்ரோனி," என்றேன்.

"அதென்ன மக்ரோனி?"

"யப்பானிலை செய்து சாப்பிடுறவன். பேக்கரிப் போறணையிலை வைச்சுச் சுடுறது."

"உதை ஆரடி தின்னுறது?"

"அவனுக்குத்தானே பெரியம்மா படைக்கிறம். நீங்கள் தின்னத் தேவையில்லை."

"வாயைப் பார். வீட்டை வரட்டும் எண்டுதானே படைக்கிறது. யப்பான் சாப்பாட்டைக் காட்டினால் அவன் பழையபடி அங்கை போயிடுவான்."

முற்றத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த பெரியப்பா அங்கிருந்தே சொன்னார்: "விடப்பா. அவனுக்கு விசா முடியேல்லைத்தானே. போயிட்டு வரட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலவும் இருந்தது.

மிசோப் பெட்டியைத் திறந்து காட்டினேன். பெரியம்மா மூக்கைப் பொத்தினார். "உது பழுதாப் போச்சுது. கொண்டுபோய்க் கக்கூசுக்கை ஊத்து." நான் அதை எடுத்துப்போய் என் அலுமாரிக்குள் உடுப்புக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். மத்தியானம் யாழ்ப்பாணம் போய் சீஸ் தேடினேன். மூன்று கடையில் துண்டு துண்டாகச் சுற்றிய சீஸ்தான் இருந்தது. அண்ணை சொன்ன இழுபடுகிற சீஸ் எங்கும் இல்லை. இருந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்.

செய்முறை அவன் குரலில் என் போனில் இருந்தது. முன்பு ஒருநாள் சும்மா கேட்டதற்கு அனுப்பியிருந்தான். இரண்டு நிமிடம் வரும். மக்ரோனி எவ்வளவு, பட்டர் எவ்வளவு, மா எவ்வளவு, பால் எவ்வளவு, மிசோ இரண்டு கரண்டி, இருநூறு டிகிரியில் இருபது நிமிடம். நடுவில் தும்முவான். உப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. எங்களில் யாரும் சமையல் சொல்லிக்கொடுக்கும்போது உப்பைச் சொல்வதில்லை. உப்புப் போடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நானும் நினைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு அடுப்பில் ஒன்றை எனக்குத் தரச் சொல்லிப் பெரியம்மாவோடு சண்டை பிடித்து வாங்கினேன். ஒரு பக்கம் நண்டு கொதிக்கிறது, மற்றப் பக்கம் நான் பட்டரில் மா வறுக்கிறேன். பாலை ஊற்றினால் மா கட்டி கட்டியாக நிற்கிறது. போனைச் சத்தமாகப் போட்டு, தட்டுக் கழுவுகிற இடத்தில் சாத்தி வைத்தேன். அண்ணையின் குரல் குசினி முழுக்கக் கேட்டது. "பாலைக் கொஞ்சம் கொஞ்சமா விடோணும், ஒரேயடியா விட்டியோ நாசம்." நான் ஒரேயடியாகத்தான் விட்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா நிற்கிறார். ஏழு நாளாகப் படுக்கையை விட்டு எழும்பாத மனுசி, தலை அவிழ்ந்தபடி, அந்தக் குரலைக் கேட்டு எழும்பி வந்துவிட்டார்.

"திருப்பிப் போடு," என்றார்.

போட்டேன்.

"இன்னொருக்காப் போடு."

போட்டேன். அவன் தும்முகிற இடம் வந்ததும் அம்மாவின் வாய் கோணியது. அதற்குள் சட்டியின் அடி பிடித்துவிட்டது. எனக்கு ஆத்திரம். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலில் இருந்து தொடங்கினேன். இந்த முறை மா கரைக்கும்போதே ஒரு கரண்டி உப்புப் போட்டேன். பால் போதவில்லை. "அம்மா, இதை ஒருக்காக் கிண்டிக்கொண்டு நில்லுங்கோ, அந்த மக்ரோனித் தண்ணியையும் பாருங்கோ," என்று அகப்பையைக் கையில் கொடுத்துவிட்டுப் பால் வாங்க ஓடினேன். திரும்பி வந்தபோது அம்மா அதே இடத்தில் நின்று கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரியம்மா நின்றார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக் கூட இருந்தது.

ருசி பார்க்கவில்லை. படையல் சாப்பாட்டைப் படைத்து முடியும் வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. இறந்தவர்தான் முதலில் சாப்பிட வேண்டும். மற்றக் கறிகளை நாங்கள் நூறு தரம் சமைத்திருக்கிறோம், கையளவிலே வந்துவிடும். இதை நான் ஒருநாளும் சாப்பிட்டதே இல்லை. சாப்பிட்டுப் பார்க்காத சாப்பாட்டை ருசி பார்க்காமல் சமைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது போல இருந்தது.

எங்கள் வீட்டில் சுடுகிற அடுப்பு இல்லை. நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்குக் கேக் சுட ஆட்கள் தட்டோடு பேக்கரிக்குப் போவார்கள். நானும் அலுமாரியில் ஒளித்த மிசோவையும் மீன் சீவலையும் எடுத்துச் சேர்த்து, கேக் தட்டில் எல்லாவற்றையும் நிரப்பி, ஸ்கூட்டியில் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். மூன்று மணி. பேக்கரிக்காரர் பணிஸ் தட்டுகளைப் போறணைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, நத்தாருக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு. அதுக்குள்ளை கேக்கோ?"

"கேக் இல்லை. மக்ரோனி."

எட்டிப் பார்த்தார். "மேலை என்ன?"

"பாண் தூள்."

"அப்ப நான் ஒருக்காச் சுட்ட பாணைத் தூளாக்கிக் கொண்டு வந்து என்னட்டையே திருப்பிச் சுடச் சொல்லுறியள்."

மா குழைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "இண்டைக்கு எங்கடை அண்ணைக்கு எட்டு," என்றேன்.

சிரிப்பு நின்றது. அவர் கையைத் துடைத்தார்.

"மச்சம் ஏதும் கிடக்கோ உள்ளுக்கை?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் கிடக்கு. மாசி மாதிரி."

"பணிசிலை மணம் பிடிக்கும் பிள்ளை. இது இறங்கட்டும், பிறகு வை."

அரைமணித்தியாலம் வாசலில் நின்றேன். பணிஸ் இறங்கியதும் அவர் நீண்ட பிடி போட்ட பலகையை என்னிடம் நீட்டினார். "குறை நினையாதை. நான் விரதம், செத்தவீட்டுத் துடக்குக் கிடக்கிற தட்டைத் தொடேலாது. நீயே உள்ளுக்கை தள்ளு."

குறை நினைக்காமல் எப்படி இருப்பது? அண்ணை இவரிடம்தான் சின்ன வயது முழுக்கப் பணிஸ் வாங்கித் தின்றான். ஆனால் சண்டை பிடிக்க நேரம் இல்லை. "உள்ளுக்கை இருநூறு டிகிரி வருமோ?" என்று கேட்டேன்.

"என்ரை போறணை படிக்கேல்லைப் பிள்ளை. அதிட்டை டிகிரி ஒண்டும் இல்லை."

பலகையில் தட்டை வைத்துத் தள்ளினேன். அது சரிந்து, கல்லில் உரசி, உள்ளே கோணலாகப் போய் நின்றது. கையின் மயிர் பொசுங்கியது. இருபது நிமிடத்தில் எடுத்தபோது நெருப்புப் பக்கம் கருகியிருந்தது. மற்றப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. சீஸ் உருகி இழுபடவில்லை, தோல் மாதிரிக் காய்ந்து போயிருந்தது. நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் அண்ணை போனில் காட்டிய நிறம் வந்திருந்தது. அந்த நடுப்பகுதியை அவனுக்கு வைக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம் படைத்தோம். தலைவாழை இலையில் நண்டு, கணவாய், கோழி எல்லாம் நடுவில். மக்ரோனியைப் பெரியம்மா ஓரத்துக்குத் தள்ளினார். நான் திருப்பி நடுவுக்கு இழுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியில் நின்றோம். அவன் வந்து சாப்பிடுகிற நேரம் அது. நான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, தின் அண்ணை, தின் அண்ணை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். இத்தனை நாளில் அந்தக் கொஞ்ச நேரம்தான் நெஞ்சு இலேசாக இருந்தது.

கதவைத் திறந்து, படைத்ததில் அண்ணைக்கென்று எடுத்த பங்கை வழக்கப்படி பெரியப்பா தெருச் சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த பிறகு நாங்கள் சாப்பிட இருந்தோம். மக்ரோனியை முதலில் பெரியப்பாதான் எடுத்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து இருந்தார்.

"பிள்ளை, நாப்பது வருசம் கடலுக்குப் போனனான். ரெண்டு தரம் வள்ளம் கவிண்டு கடல் தண்ணி குடிச்சனான். இவ்வளவு உப்பு அதிலையும் இல்லை."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். செத்தவீடு நடந்த பிறகு அந்த வீட்டில் வந்த முதல் சிரிப்பு. நான் எடுத்து வாயில் வைத்தேன். நாக்குச் சுருண்டது. விழுங்க முடியவில்லை.

"ஆர் உப்புப் போட்டது?" என்று கத்தினேன்.

"நீதானே சமைச்சனி?"

"நான் ஒரு கரண்டி போட்டனான். வேறை ஆர் போட்டது?"

பெரியம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "மணத்துப் பாத்தன், உப்புக் கிடக்கிற மாதிரித் தெரியேல்லை. நீ மறந்துபோனாய் எண்டு நினைச்சு ஒரு கை போட்டனான்."

அம்மா மெதுவாகச் சொன்னார்: "நானும் மக்ரோனித் தண்ணிக்குப் போட்டனான். பாலுக்கும் போட்டனான். அவன் உப்பு உறைப்பாத் தின்னுறவன் மேனை."

மிசோவிலேயே உப்பு இருக்கிறது. சீஸிலும் இருக்கிறது. அதற்கு மேல் மூன்று பேர். வேறு எந்த நாளாக இருந்தாலும் யாராவது ஒருத்தி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்திருப்பாள். அன்றைக்கு மட்டும் மூன்று பேரும் வாயைக் கட்டிக்கொண்டு கையைத் திறந்து விட்டோம்.

"அவன் ஒண்டும் சொல்லான்," என்றார் அம்மா. "உப்புக் கூடினாலும் பேசாமல் தின்னுற பிள்ளை."

"அவன் தின்னேல்லை அம்மா! கேட்ட நேரம் குடுக்கேல்லை. இப்ப குடுத்ததும் பழுது. எப்பிடித் தின்னுறது அவன்?"

அம்மா இலையை அப்படியே மடித்துவிட்டு எழும்பி அறைக்குள் போனார். அன்றைக்குத்தான் கொஞ்சம் சோறு தின்ன இருந்தவர். பெரியம்மா என்னைப் பார்த்து, "இப்ப காணுமோ உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் விடிய நான் சந்திக்குப் போனேன். போய்ப் பார்க்கக் கூடாது என்பார்கள். போனேன். நண்டுக் கோதைக் கூடக் காகங்கள் விடவில்லை. இறால் வடை இல்லை, கோழி இல்லை. மக்ரோனி மட்டும் வைத்தபடி கிடந்தது. ஒரு நாய் வந்து மணந்துவிட்டு ஒதுங்கிப் போனது. நான் செருப்புக் காலால் அதை வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டேன். அண்ணையின் பங்கை அப்படிச் செய்தேன். இதை இன்றைக்கு வரை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

அவன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. இரண்டு நிமிடம் கதைத்தானே, உப்புப் போடாதே என்று சொல்ல எவ்வளவு நேரம் போகும்? தும்முகிற நேரத்தில் சொல்லியிருக்கலாம். பிறகு, செத்தவனோடு உப்புக்குச் சண்டை பிடிக்கிறேனே என்று என் மேலேயே கோபம் வரும்.

அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு மிச்சம் இருந்த மிசோவில் திரும்பவும் செய்தேன். சின்னத் தட்டு. உப்பே போடவில்லை. அம்மாவைக் குசினிப் பக்கம் விடவில்லை. இரண்டு தரம் ருசி பார்த்தேன். பேக்கரிக்காரர் இந்த முறை தட்டைத் தானே வாங்கி, நடுவில் வைத்து, ஒரு தரம் திருப்பியும் விட்டார். மேலே ஒரே நிறமாக வந்தது. சூட்டோடு கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தேன்.

அம்மா நாலு கரண்டி தின்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு மேனை," என்றார். "உப்புத்தான் கொஞ்சம் காணாது."

நானும் தின்றேன். பாலும் மாசியும் சேர்ந்த ஒரு மணம். உள்ளே கொதித்தது, மேலே பொருபொருத்தது, அவன் சொன்னது எல்லாம் இருந்தது. எனக்கு அது பெரிதாகப் பிடிக்கவில்லை. இதுதான் அவன் தின்றதா, இல்லை நான் செய்தது பிழையா? அதைச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான். மிசோவும் முடிந்துவிட்டது. பெட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன். இன்னொன்று வாங்கலாம், கொழும்பில் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கி எத்தனை தரம் செய்தாலும், சரி என்று சொல்ல ஆள் இல்லை.

கேட்ட நேரம் நான் கொடுக்கவில்லை, கொடுத்ததும் அவன் வாயில் வைக்கக்கூடியதாக இருக்கவில்லை. என் கையால் அவனுக்குச் செய்ய இனி ஒன்றும் இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில், தேவாலயத்துக்குப் போகிறவர்கள் அங்கே, ஒன்றுக்கும் போகாதவர்கள் இருக்கிற இடத்தில் இருந்தபடி, எங்கள் அண்ணைக்காக ஒருதரம் மன்றாடுங்கள். அவன் போன இடத்தில் வாய் கைக்காமல், பசி இல்லாமல், நிம்மதியாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் கேளுங்கள்.